அண்டர்மைன்: கோட்டைச் சுவருக்கு அடியில் பிறந்த வினைச்சொல்

ஆங்கில நாளிதழ்களின் அரசியல் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் வினைச்சொல் 'அண்டர்மைன்'. நீதிமன்றத்தின் மதிப்பை ஒருவர் அண்டர்மைன் செய்கிறார். கட்சித் தலைமையை இன்னொருவர் அண்டர்மைன் செய்கிறார். புதிதாகக் கிடைத்த சான்று ஒன்று பழைய கோட்பாட்டை அண்டர்மைன் செய்கிறது. தமிழில் பெயர்ப்பவர்கள் பெரும்பாலும் 'பலவீனப்படுத்துதல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். முன்னொட்டைப் பார்த்து ஏமாந்து 'குறைத்து மதிப்பிடுதல்' என்று எழுதுபவர்களும் உண்டு. அது 'அண்டர்எஸ்டிமேட்' என்ற வேறொரு சொல்லின் பொருள். இந்த இரண்டில் பின்னது பிழை. முன்னது பிழையில்லை, ஆனால் போதாது.

ஏன் போதாது என்றால், ஒன்றைப் பலவீனப்படுத்தப் பல வழிகள் இருக்கின்றன. முன்னால் நின்று மோதலாம், மேலிருந்து பாரம் ஏற்றலாம், பட்டினி போடலாம். 'அண்டர்மைன்' இவற்றில் எதையும் சொல்வதில்லை. ஒரு பொருள் எதன்மேல் நிற்கிறதோ அதைக் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துவிடுவதையே அது சொல்கிறது. சுவர் கடைசி நாள்வரை கீறல் இல்லாமல் நிற்கும். மேலே காவலர்கள் வழக்கம்போல நடமாடிக்கொண்டிருப்பார்கள். விழும்போது மட்டும் ஒட்டுமொத்தமாக விழும். இந்தப் பொருளழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் முற்றுகைப் போர்களில் சுரங்கம் தோண்டியவர்கள் செய்த வேலையைப் பார்க்க வேண்டும்.

சொல்லைப் பிரித்தால் 'அண்டர்' என்பது கீழே. 'மைன்' என்பது தோண்டுதல். முன்பாதி ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பின்பாதி பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் அது கெல்ட்டிக் மொழிகளிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. வேல்ஸ் மொழியில் கனிமத்தாதுவைக் குறிக்கும் 'முயின்' அதன் உறவுச்சொல்லாகக் காட்டப்படுகிறது. 'என்னுடையது' என்ற பொருளில் வரும் 'மைன்' உச்சரிப்பில் ஒன்றானாலும் இதற்கு எந்த உறவும் இல்லை.

பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு 'அண்டர்டெல்வன்' என்ற முழு உள்ளூர்ச் சொல் இருந்தது. அதன் பின்பாதியான 'டெல்வ்' இன்றும் 'ஆழ்ந்து ஆராய்தல்' என்ற பொருளில் வாழ்கிறது. கூட்டுச்சொல் மட்டும் செத்துப்போனது. 1066க்குப் பிறகு இங்கிலாந்தில் கல்கோட்டைகளைக் கட்டியவர்களும் அவற்றை முற்றுகையிட்டவர்களும் பிரெஞ்சு பேசிய பிரபுக்கள். அவர்கள் தொழிலோடு அவர்கள் சொல்லும் நிலைத்தது என்று கொள்வதுதான் பொருத்தமாக இருக்கிறது. 'அண்டர்மைன்' என்ற வடிவம் 1300ஐ ஒட்டி எழுத்தில் தென்படுகிறது. மறைவாகக் கேடு செய்தல் என்ற உருவகப் பொருள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறது. அதாவது ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தச் சொல் மண்ணையும் சுவரையும் மட்டுமே பேசியது.

இடைப்பட்ட காலத்தில் அது வீட்டுச் சுவருக்கும் வந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சமயச் சீர்திருத்தவாதி விக்ளிஃபின் வட்டத்தார் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, திருடன் வரும் நேரம் தெரிந்திருந்தால் வீட்டுக்காரன் விழித்திருப்பான் என்ற மத்தேயு 24:43 வசனத்தில் வீடு 'அண்டர்மைன்' செய்யப்படுவதாகவே எழுதினார்கள். மூலக் கிரேக்கச் சொல் சுவரைக் குடைந்து நுழைவதைக் குறிக்கிறது. மண்சுவர் வீடுகளுள்ள நாட்டில் திருடன் செய்யும் முதல் வேலை அது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு இதை வெறும் 'உடைத்தல்' ஆக்கிவிட்டது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'தன் வீட்டைக் கன்னமிடவொட்டான்' என்கிறது. சுவரில் கன்னக்கோல் வைக்கும் வழக்கம் இங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், இந்த ஓரிடத்தில் தமிழ், ஜேம்ஸ் மன்னரின் ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது.

இனி வேலை நடந்த விதம். நன்றாகப் பதிவான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ராச்சஸ்டர் கோட்டை. 1127இல் கட்டத் தொடங்கிய அதன் நடுக்கோபுரம் சதுர வடிவம். மூலைத் தூபிகள் சுமார் 38 மீட்டர் உயரம். அடிச்சுவர் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கனம். 1215 அக்டோபரில் ஜான் மன்னருக்கு எதிரான பிரபுக்களின் படை உள்ளே புகுந்துகொண்டது. மன்னர் கல்லெறி பொறிகளால் வாரக்கணக்கில் அடித்துப் பார்த்தார். அவ்வளவு கனமான சுவரை அவை அசைக்கவில்லை. பிறகு சுரங்கக்காரர்களை இறக்கினார். அவர்கள் முதலில் வெளிமதிலையும், அடுத்து நடுக்கோபுரத்தின் தென்கிழக்கு மூலையையும் குடைந்தார்கள்.

மூலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் கணக்கு உண்டு. இரண்டு சுவர்களின் பாரம் அங்கே வந்து சேர்கிறது. இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் சாய்ந்தால் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லை. கல்கட்டுமானத்தின் இயல்பும் தோண்டுபவனுக்கு உதவுகிறது. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அடியில் சில மீட்டர் நீளத்துக்கு மண் இல்லாமல் போனால் சுவர் உத்தரம்போல வளைய முயலும், வளைய முடியாமல் வெடிக்கும்.

பணி தொடங்குவது கோட்டையிலிருந்து எட்டத்தில். தோண்டும் இடம் மதில்மேல் நிற்பவர்களுக்குத் தெரியாதபடி ஒரு மேட்டுக்கோ வீட்டுக்கோ பின்னால் வாய் வைப்பார்கள். அப்படி இடம் வாய்க்காவிட்டால், ஈரத்தோல் போர்த்திய கூரையுள்ள நகரும் கொட்டகையைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய் அதன் மறைவில் நேரடியாக அடிக்கல்லைப் பெயர்ப்பார்கள். இந்தக் கொட்டகைக்குப் 'பூனை', 'பன்றி' என்றெல்லாம் படைவீரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். சுரங்கம் சுவரடியை எட்டியதும் சுவரின் நீளத்துக்குப் பக்கவாட்டில் விரிவாகும். ஒவ்வொரு கல்லை எடுக்கும்போதும் அந்த இடத்தில் உடனே ஒரு மர முட்டு வைக்க வேண்டும். தாமதித்தால் தோண்டுபவர்கள்மேலேயே சுவர் இறங்கும். இப்படி ஒரு கட்டத்தில் மண்ணின் வேலையை முழுக்க முட்டுகள் செய்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே மாறியிருக்காது.

கடைசிக் கட்டம் தீ. முட்டுகளைக் கோடரியால் வெட்டினால் ஒவ்வொன்றாகத்தான் போகும். வெட்டுகிறவன் வெளியே வரமாட்டான். சுள்ளியும் வைக்கோலும் கொழுப்பும் அடைத்துப் பற்றவைத்தால் ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும், எல்லா முட்டுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வலுவிழக்கும். காற்றோட்டம் குறைந்த ஈரச் சுரங்கத்தில் விறகு புகைந்து அணைந்துவிடும் அபாயம் பெரிது. கொழுப்பு நின்று எரியும். 1215 நவம்பர் 25 அன்று ஜான் மன்னர் தம் அதிகாரி ஹூபர்ட் டி பர்குக்கு அனுப்பிய ஆணை அரசு ஆவணங்களில் இருக்கிறது: உண்பதற்கு மிக மட்டமான, கொழுத்த 40 பன்றிகளை இரவுபகலாக விரைந்து அனுப்புக, கோபுரத்துக்கு அடியில் தீ வைக்க வேண்டும். மூலை இடிந்து விழுந்தது. உள்ளிருந்தவர்கள் கோபுரத்தைக் குறுக்கே பிரித்த நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போரைத் தொடர்ந்தார்கள். நவம்பர் 30 அன்று பணிந்தார்கள். அடுத்து வந்த மூன்றாம் ஹென்றியின் காலத்தில் அந்த மூலையை மட்டும் வட்ட வடிவில் கட்டினார்கள். இன்று அங்கே போகிறவர்கள் மூன்று சதுர மூலைகளையும் ஒரு வட்ட மூலையையும் பார்க்கலாம். வட்டத்தில் குடைவதற்கு வாகான மூலை கிடையாது.

எல்லாக் கோட்டையிலும் இது பலிக்காது. பாறைமேல் அடித்தளம் இருந்தால் தோண்டுவது மாதக்கணக்கில் இழுக்கும், உளிச்சத்தம் காட்டிக்கொடுக்கும். அகழியில் தண்ணீர் நின்றால் சுரங்கத்துக்குள் ஊறி நிரப்பிவிடும். 1268இல் தொடங்கப்பட்ட வேல்ஸின் கேர்ஃபில்லி கோட்டையைச் சுற்றி ஏரிகளையே உருவாக்கியதற்கு இதுவும் காரணம். சில இடங்களில் சுவரின் அடியைச் சரிவாக அகலப்படுத்தி, குடையவேண்டிய கல்லின் அளவைக் கூட்டினார்கள். தோண்டுபவர்களின் சொந்தத் தவறுகளும் உண்டு: திசை பிசகி வேறிடத்தில் முளைப்பது, தோண்டிய மண்ணை வாயிலருகே குவித்து எதிரிக்குத் துப்புக் கொடுப்பது, காற்றில்லாமல் விளக்கு அணைந்து ஆட்களும் மயங்குவது.

உள்ளிருப்பவர்களின் பெரிய சிக்கல், கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிபியாவின் பார்க்கா நகரைப் பாரசீகர் முற்றுகையிட்டபோது, கன்னான் ஒருவர் வெண்கலம் போர்த்திய கேடயத்தை மதிலின் உட்புறம் தரையில் வைத்து வைத்துப் பார்த்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கீழே தோண்டும் இடத்தில் மட்டும் வெண்கலம் ஒலித்தது. கி.மு. 189இல் ரோமானியர் அம்பிரேசியாவைக் குடைந்தபோது நகரத்தார் மதிலுக்கு உள்ளே இணையாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் ஓரமாக மெல்லிய வெண்கலக் கலங்களை வரிசையாக வைத்து அதிர்வைக் கேட்டார்கள். இடம் தெரிந்ததும் எதிர்ச்சுரங்கம் வெட்டி, ஒரு பெரிய சாடியில் இறகும் கரியும் நிரப்பி, துருத்தியால் ஊதி, புகையை ரோமானியர் பக்கம் தள்ளினார்கள். பிற்காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தையோ பட்டாணி தூவிய முரசையோ தரையில் வைத்து, நீர் நடுங்குகிறதா, பட்டாணி துள்ளுகிறதா என்று இரவெல்லாம் பார்த்திருந்தார்கள்.

மண்ணுக்குள் இரு தரப்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு மறுக்கமுடியாத சான்று சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலிருந்த டூரா யூரோபோஸ் நகரில் கிடைத்தது. 256ஐ ஒட்டி சாசானியப் பாரசீகர் அந்த ரோமானிய நகரை முற்றுகையிட்டார்கள். 1930களில் நடந்த அகழாய்வில், 19ஆம் எண் கோபுரத்தின் கீழே ஒரு சுரங்கமும், அதைத் தடுக்க ரோமானியர் வெட்டிய எதிர்ச்சுரங்கமும், அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த ரோமானிய வீரர்களின் எலும்புக்கூடுகளும் வெளிப்பட்டன. நிலக்கீலும் கந்தகமும் எரிந்த தடயத்தை வைத்து, அவர்கள் நச்சுப்புகையால் இறந்தார்கள் என்று தொல்லியலாளர் சைமன் ஜேம்ஸ் 2009இல் வாதிட்டார். பாரசீகர் பிறகு முட்டுகளுக்குத் தீ வைத்தும் அந்தக் கோபுரம் முழுதாக விழவில்லை. கீழே இறங்கி, சாய்ந்து, நின்றுவிட்டது. ரோமானியர் முன்கூட்டியே மதிலின் பின்னால் பெரிய மண்கரை எழுப்பியிருந்தார்கள். அடியை இழந்த சுவரை அந்தக் கரை பக்கவாட்டில் தாங்கிக்கொண்டது.

தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் 'முட்டுக்கொடுத்தல்' என்ற சொல் இன்று தாராளமாகப் புழங்குகிறது. தன்னால் நிற்க முடியாததைத் தாங்கிப்பிடிப்பது என்ற பொருளில். சுரங்கக்காரர்களின் முட்டு அதற்கு நேர் எதிரான நோக்கமுடையது. பின்னால் எரிப்பதற்காகவே அது வைக்கப்பட்டது.

வெடிமருந்து வந்ததும் வேலையின் முதற்பாதி அப்படியே இருக்க, கடைசிப் பகுதி மட்டும் மாறியது. முட்டுகளுக்குத் தீ வைப்பதற்குப் பதிலாகச் சுரங்கத்தின் முனையில் அறை வெட்டி, வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி, பின்பக்கத்தை மண்ணாலும் மரத்தாலும் அடைத்துத் திரியைக் கொளுத்தினார்கள். அடைப்பு சரியில்லையென்றால் வெடி வந்த வழியே திரும்பி வீணாகும். 1503இல் நேப்பிள்ஸில் ஸ்பானியப் பொறியாளர் பெத்ரோ நவாரோ இந்த முறையால் அடைந்த வெற்றி ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது. சுரங்கத்தைக் குறித்த 'மைன்' என்ற சொல் மெதுவாக அதில் வைத்த வெடிக்கே பெயரானது. கண்ணிவெடியையும் கடலில் மிதக்கவிடும் வெடியையும் ஆங்கிலத்தில் 'மைன்' என்பது இதனால்தான். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் ஒரே பெயர் அமைந்த கதை இது.

இந்த முறையின் கடைசிப் பெரும் பயன்பாடுகளில் இரண்டைச் சொல்லலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், வர்ஜினியாவின் பீட்டர்ஸ்பர்க்கில், பென்சில்வேனியாவின் நிலக்கரித் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு படைப்பிரிவு 511 அடி நீளச் சுரங்கம் வெட்டியது. காற்றுக்கு அவர்கள் கையாண்ட உபாயம் நேர்த்தியானது. வாயிலுக்குச் சற்று உள்ளே மேல்நோக்கி ஒரு புகைபோக்கித் துளையிட்டு அதன் அடியில் நெருப்பு மூட்டினார்கள். சூடான கெட்ட காற்று மேலேற, வெளியிலிருந்து நீண்ட மரக்குழாய் வழியே நல்ல காற்று சுரங்கத்தின் கடைக்கோடிக்கு இழுக்கப்பட்டது. 320 பீப்பாய்களில் 8,000 பவுண்டு வெடிமருந்து. 1864 ஜூலை 30 அதிகாலையில் பற்றவைத்த திரி, ஒட்டுப்போட்ட இடத்தில் அணைந்தது. இருவர் உள்ளே ஊர்ந்துபோய் மறுபடி கொளுத்தினார்கள். வெடி எதிர்பார்த்தபடியே வெடித்தது. ஆனால் தாக்கவந்த படை பள்ளத்தைச் சுற்றிப் போகாமல் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிச் சிக்கிக்கொண்டது, அந்த நாள் வெட்டியவர்கள் தரப்புக்கே தோல்வியாக முடிந்தது. அடியைத் தகர்ப்பதும் அதன் பலனை எடுப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவது, பெல்ஜியத்தின் மெசீன் மேடு. 1917 ஜூன் 7 அதிகாலை 3:10க்கு பிரிட்டிஷ் தரப்பு ஜெர்மானிய வரிசையின் கீழே 19 வெடிகளை வெடித்தது. மொத்தம் சுமார் 450 டன். வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்த ஒன்று 1955 ஜூலையில் ஒரு இடிமழையின்போது வெடித்தது.

'அண்டர்மைன்' என்ற சொல்லின் அருகிலேயே பிறந்த இன்னொரு சொல் 'சாப்'. சோர்வு ஒருவரின் வலிமையைச் 'சாப்' செய்கிறது என்பார்கள். இதுவும் முற்றுகைச் சொல்தான். பின்னிலத்தீனில் 'சாப்பா' என்றால் மண்வெட்டி. இத்தாலியனில் இன்றும் 'ட்ஸாப்பா' மண்வெட்டியையே குறிக்கும். பிரெஞ்சு வழியாக 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, எதிரியின் கோட்டையை நோக்கிப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு முன்னேறுவது என்று பொருள். அண்டர்மைன் செய்பவன் மண்ணுக்குள். சாப் செய்பவன் மேலே திறந்த குழியில், ஆனால் மறைவில். வெட்டு நேராகப் போகாது. நேராகப் போனால் மதில்மேலிருந்து ஒரே குண்டு குழியின் முழு நீளத்தையும் துடைத்துவிடும். வளைந்து வளைந்து, ஒவ்வொரு திருப்பமும் கோட்டையின் பார்வைக் கோட்டுக்கு வெளியே அமையும்படி வெட்ட வேண்டும்.

பதினான்காம் லூயியின் பொறியாளர் வோபான் இதைக் கணக்கான தொழிலாக்கினார். முன்னால் நிற்பவர் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாக வெட்டுவார். அவருக்குப் பின்னால் வருபவர்கள் ஒவ்வொருவரும் அகலத்தையும் ஆழத்தையும் அரை அடி கூட்ட, நான்காமவர் முடிக்கும்போது மூன்றடிக்கு மூன்றடி. வெட்டிய மண், கோட்டைப் பக்கம் வரிசையாக வைத்த பிரம்புக் கூடைகளில் விழுந்து அரணாகும். முன்னால் இருப்பவருக்குத்தான் சாவு மிக அருகில் என்பதால் முறைமாற்றிக்கொள்வார்கள். 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகரின்முன் வோபான் முதன்முறையாகக் கோட்டைக்கு இணையான நீண்ட குழிவரிசைகளை வெட்டி, அவற்றை வளைவெட்டுகளால் இணைத்து, இரண்டு வாரத்துக்குள் நகரைப் பணியவைத்தார்.

'சாப்' பிற்காலத்தில் ஒரு குழப்பத்துக்கு ஆளானது. மரத்தின் உயிர்ச்சாற்றைக் குறிக்கும் 'சாப்' என்ற தொன்மையான ஆங்கிலச் சொல் ஏற்கெனவே இருந்தது. மண்வெட்டியோடு அதற்கு உறவில்லை. 18ஆம் நூற்றாண்டில் 'வலுவிழக்கச் செய்தல்' என்ற பொருள் வலுத்தபோது, பேசுபவர்கள் மனத்தில் இரண்டும் கலந்துவிட்டன. அதனால்தான் இன்று 'சாப்' கேட்பவருக்குச் சாறு வற்றுவதுபோலத் தோன்றுகிறது. உடல் வலிமை, ஊக்கம், மனவுறுதி போன்ற வற்றக்கூடியவற்றுக்கே அது பொருந்துகிறது. அதிகாரம், வாதம், நம்பகத்தன்மை போன்ற எழுந்து நிற்பவற்றுக்கு 'அண்டர்மைன்'. இந்த வேறுபாட்டை ஆங்கிலேயர்கள் யோசித்துக் கடைப்பிடிப்பதில்லை. காது அப்படிப் பழகியிருக்கிறது.

பதுங்குகுழி வெட்டுபவர் 'சாப்பர்'. இந்தச் சொல்லுக்குச் சென்னையோடு நேரடி உறவு உண்டு. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலியின் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டு இப்படித்தான் குழிவெட்டி நெருங்கியது; ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் விலகியது. 1780 செப்டம்பர் 30 அன்று அதே சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி படைக்கு வழியமைப்பதும் குழிவெட்டுவதும் தொழிலான 'பயனியர்' படைப்பிரிவுகள் இரண்டை எழுப்பியது. பல முற்றுகைகளில் பணியாற்றிய அந்தப் பிரிவு 1831இல் 'மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்று பெயர் மாற்றம் பெற்றது. பெயரின் இரண்டு பாதியும் நாம் பார்த்த இரண்டு சொற்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்கும் அந்தப் படையினருக்கு ராணுவத்தில் செல்லப்பெயர் 'தம்பி'. முள்கம்பி வேலியைத் தகர்க்க உலகப் போர்களில் பயன்பட்ட 'பெங்களூர் டார்ப்பீடோ' என்ற குழாய்வெடியை 1912இல் உருவாக்கியவர் அந்தப் பிரிவின் அதிகாரி மெக்ளின்டாக். சாப்பர்களின் வேலை இன்று பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதுமாக விரிந்துவிட்டது.

'அண்டர்மைன்' தன் பழைய நேர்ப்பொருளையும் இழந்துவிடவில்லை. பொறியாளர்களும் புவியியலாளர்களும் இன்றும் உருவகமில்லாமல் அதைச் சொல்கிறார்கள். அங்கே சுரங்கக்காரன் தண்ணீர். ஆற்றுப் பாலத்தின் தூணில் மோதும் வெள்ளம் தூணின் முகப்பில் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியில் குதிரைலாட வடிவில் சுழன்று, மணலை வாரிக்கொண்டு போகிறது. இந்த அரிப்பின் கொடுமை, அது தன் தடத்தைத் தானே மூடிவிடுவது. வெள்ளம் வடியும்போது பள்ளத்தில் மணல் மறுபடி நிரம்பிவிடுகிறது. கோடையில் பார்வையிட வருகிற பொறியாளருக்குத் தூண் உறுதியாக மண்ணில் ஊன்றியிருப்பதாகத் தெரியும். அந்த மணல் புதிதாக வந்து தளர்வாகப் படிந்தது, தாங்கும் வலு அதற்கு இல்லை. அதனால் அடித்தளம் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதை மணல்மட்டத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. வெள்ளக் காலத்தில் அரிப்பு எட்டக்கூடிய ஆழத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி தூண்களுக்கு அந்த ஆழம் சராசரி அரிப்பு ஆழத்தின் 2 மடங்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்கும் கீழே அடித்தளம் இறங்க வேண்டும். 1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் இப்படி அடி அரித்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத் தூண்கள் சாய்ந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். போக்குவரத்து ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்த பாலம் அது.

தமிழில் இதற்கு ஈடான சொல் இல்லையென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 'முற்றியும் முற்றா தெறிந்தும் அறைப்படுத்தும் பற்றற் கரியது அரண்' என்ற குறளில், கோட்டையைப் பிடிக்கும் மூன்று வழிகளில் ஒன்றாக 'அறைப்படுத்தல்' வருகிறது. உள்ளிருப்பவர்களை அவர்கள் நம்பும் ஆட்களை விட்டே வசப்படுத்தி வாயிலைத் திறக்கவைப்பது என்று பரிமேலழகர் அதை விளக்குகிறார். அங்கே அவர் கையாளும் சொல் 'கீழறுத்து'. ஆங்கிலச் சொல் மண்ணைக் குடைவதில் தொடங்கி மனிதரைக் குடைவதற்கு வந்தது. உரையாசிரியரின் 'கீழறுத்தல்' அப்போதே மனிதரைக் குடையும் பொருளில் நிற்கிறது. முன்பாதிக்கு முன்பாதி, பின்பாதிக்குப் பின்பாதி 'அண்டர்மைன்' என்பதோடு ஒத்துப்போகும் இந்தச் சொல் வழக்கொழிந்து கிடப்பது வருத்தத்துக்குரியது. கட்டுரை எழுதுபவர்கள் துணிந்து பயன்படுத்தலாம். சொன்னவுடன் பொருள் புரியும்.

'சுரங்கம்' என்ற சொல்லின் பயணம் இதைவிட வியப்பானது. கிரேக்கத்தில் 'சிரிங்க்ஸ்' என்றால் குழல். முற்றுகையில் வெட்டும் சுரங்கத்துக்கும் அதுவே பெயர். அதிலிருந்து வடமொழியில் 'சுருங்கா' வந்தது என்பது மொழியியலாளர்கள் பலரின் முடிவு; அர்த்தசாஸ்திரத்தில் அந்தச் சொல் இருக்கிறது. அதன் தமிழ் வடிவங்களே சுருங்கையும் சுரங்கமும். யானைக் கூட்டம் போய்வரும் மதுரையின் 'சுருங்கை வீதி'யைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. முற்றுகைச் சுரங்கத்தைக் கிரேக்கர் குறித்த சொல்லும் நாம் மெட்ரோ ரயில் பாதைக்குச் சொல்லும் சொல்லும் ஒரே வேரின் கிளைகள் என்றாகிறது.

அன்றாட வழக்கில் 'குழி பறித்தல்' இருக்கிறது. துடிப்பான சொல்தான், ஆனால் எல்லா இடத்திலும் வைக்க முடியாது. குழி பறிப்பவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும். யாருக்குக் குழி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 'அண்டர்மைன்' உருவகமாகத் தொடங்கியபோது அதுவும் சதியையே குறித்தது. இன்று அந்தக் கட்டாயம் போய்விட்டது. நல்லெண்ணத்தோடு செய்த காரியமும் ஒன்றை அண்டர்மைன் செய்யலாம். வினை செய்வது ஆளாகவே இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு புள்ளிவிவரம், ஒரு தாமதம், ஒரு தட்டச்சுப் பிழை கூட செய்யும். தாய் கண்டித்த பிள்ளைக்குத் தந்தை இரக்கப்பட்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்தால், தாயின் சொல்லுக்கு இருந்த மதிப்பை அவர் அண்டர்மைன் செய்கிறார். அதைக் 'குழி பறித்தார்' என்று பெயர்த்தால் அவர்மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்தியதாகும்.

எனவே பெயர்க்கும்போது முதலில் கேட்கவேண்டியது இரண்டு: இங்கே நிற்பது எது, அது எதன்மேல் நிற்கிறது? வாதம் என்றால் ஆதாரத்தின்மேல். 'வாதத்தின் அடியையே ஆட்டிவிட்டது' என்பது சரியாக வரும். அதிகாரம் என்றால் மக்கள் அல்லது சக ஊழியர்கள் தரும் ஏற்பின்மேல். சதி இருந்தால் 'கீழறுத்தல்', இல்லையென்றால் 'மதிப்பைக் கெடுத்தல்'. உறவுக்கும் நிறுவனத்துக்கும், வெளியே தெரியாமல் நெடுநாள் நடப்பதைச் சொல்ல, 'செல்லரித்தல்', 'உள்ளுக்குள் அரித்தல்' என்ற நம் வழக்குகள் கச்சிதமாகப் பொருந்தும். தன்னம்பிக்கையை ஒருவர் பேசிப் பேசியே குறைத்தால் 'கரைத்தல்'. உடல்நலம் என்றால் 'உருக்குலைத்தல்' வேண்டாம். அது வெளியே தெரியும் சேதம். நேரெதிர்த் தாக்குதலைக் குறிக்கும் 'தகர்த்தல்', 'நொறுக்குதல்' ஆகியவற்றை எந்த இடத்திலும் தவிர்க்க வேண்டும். ராச்சஸ்டரில் கல்லெறி பொறிகள் செய்யமுயன்றது அது.

அண்டைச் சொற்களோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'எனர்வேட்' என்பது லத்தீனில் தசைநாணை எடுத்துவிடுதல், ஆளைத் துவளவைப்பது. உச்சரிப்பு 'எனர்ஜி'யை நினைவூட்டுவதால் ஆங்கிலேயர்களே 'உற்சாகமூட்டுதல்' என்று தவறாகப் பயன்படுத்துவதுண்டு. 'அட்டென்யுவேட்' மெலியவைத்தல், தடுப்பூசிக்காக வீரியம் குறைத்த கிருமிக்கும், தொலைவு கூடக்கூடத் தேயும் அலைக்கும் அது. 'எரோட்' மேற்பரப்பிலிருந்து தேய்த்துக்கொண்டு வருவது. சேதம் அன்றாடம் கண்ணுக்குத் தெரியும். 'சப்வர்ட்' கீழிருந்து கவிழ்ப்பது. இதில் எண்ணம் கட்டாயம், அதனால் தற்செயலாக யாரும் எதையும் சப்வர்ட் செய்வதில்லை. மக்கள் நம்பிக்கை ஆண்டுக்கு ஆண்டு கருத்துக்கணிப்பில் குறைவது தெரிந்தால் 'எரோட்'. கணிப்பில் எண்கள் அப்படியே இருக்க, அந்த நம்பிக்கைக்குக் காரணமாயிருந்த நியமன விதியோ தணிக்கை முறையோ சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருந்தால், அந்த இடத்தில் ஆங்கிலேயர் எழுதும் சொல் 'அண்டர்மைன்'.